அழுக்கண்ணன் தேய்த்த பதக்கம்

அழுக்கண்ணன் என்றதும் குளிக்காத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை, சோப்புப் போட்டுக் குளிக்கிற மனிதர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவருக்கு வேலை. ஊரார் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு இந்தப் பட்டப்பெயர் வந்தது அவருடைய நாணயங்களாலும் பதக்கங்களாலும்தான்.

பழைய காசு ஒன்று கைக்கு வந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கொஞ்சம் பற்பசை தடவித் தேய்த்துப் பார்ப்போம். அதை அழுக்கண்ணன் பார்த்துவிட்டால் தொலைந்தோம். "அது அழுக்கில்லய்யா, அதுதான் அதோட தோலு! தோலை உரிச்சிட்டுக் குழந்தை அழகா இருக்குன்னு கொஞ்சுவியா?" என்று நடுத்தெருவில் நிறுத்தி வைத்துக் கத்துவார். அவருடைய சேகரிப்போர் சங்கத்தில் ஒரு தையல்காரம்மா உண்டு. வெள்ளை மனசுக்காரி. ஒருமுறை தன்னிடமிருந்த செப்புக் காசுகளையெல்லாம் எலுமிச்சையும் உப்பும் போட்டு ஊறவைத்து, தங்கம் மாதிரி மின்ன மின்னக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். அழுக்கண்ணன் அன்று போட்ட சத்தத்தில் அந்த அம்மா அழுதே விட்டார். அடுத்த கூட்டத்தில் அழுக்கண்ணனே எழுந்து சட்டமும் போட வைத்தார்: தேய்த்துப் பளபளப்பாக்கிய பொருள் நடுவில் இருந்தால் அந்த மேஜைக்குப் பரிசு கிடையாது. அன்றைக்கு வைத்த பெயர்தான் அழுக்கண்ணன். வைத்தது தையல்காரம்மா. வாய் வலிக்காமல் பழி தீர்த்துக்கொண்டார் என்று வையுங்கள்.

வீட்டில் அவருடைய மனைவி வேறு பெயர் வைத்திருந்தார், ஆளுக்கல்ல, அலமாரிக்கு. "உங்க சின்ன வீட்டுக்குப் போயிட்டீங்களா? சாப்பாடு ஆறுது" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். படுக்கையறையின் மூலையில் இருந்த அந்த அலமாரியில் பதினாறு தட்டு இழுப்பறைகள். மேல் பாதி காசு, கீழ்ப் பாதி பதக்கம். நீச்சலில் யாரோ வாங்கியது, நீண்ட காலம் வேலை பார்த்ததற்கு யாரோ வாங்கியது, நல்ல மாடு வளர்த்ததற்குக்கூட ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அடியில் அவர் கையெழுத்தில் ஓர் அட்டை.

இவ்வளவு பதக்கம் வைத்திருந்த மனிதர் தன் பெயருக்கு ஒன்றுகூட வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓடினால் கடைசி, பாடினால் நாய் குரைக்கும். சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சியில் சிறந்த மேஜைக்கு ஒரு சின்ன வெள்ளிப் பதக்கம் கொடுப்பார்கள். பத்து வருடங்களுக்கு மேலாக அவர் கண் அதன்மேல்தான். மூன்று முறை இரண்டாம் இடம். ஒவ்வொரு முறையும் "எனக்கு என்னத்துக்குப் பரிசு, சும்மா ஒரு ஆசைக்கு வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார். அவருடைய மனைவிக்கு இது தெரியும். அதனால் அந்த இரண்டு நாளும் சின்ன வீட்டைப் பற்றிய கேலி நடக்காது.

இந்த வருடம் பரிசு தனக்குத்தான் என்று அவருக்குத் தோன்றக் காரணம் இருந்தது. பழைய இரும்புக் கடையில், தேய்ந்த குழாய்களுக்கும் உடைந்த பூட்டுகளுக்கும் நடுவிலிருந்து ஒரு வெண்கலப் பதக்கம் கிடைத்திருந்தது. தீயணைப்புத் துறை கொடுத்தது. முன்பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒரு வீரர், நெஞ்சோடு அணைத்து ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறார். பின்பக்கத்தில் 'வீரச் செயலுக்காக' என்ற எழுத்து. விளிம்பில் ஒரு பணி எண். வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில், யாரும் தொட்டுக் கெடுக்காமல் இருந்தது. அழுக்கண்ணன் அதைக் கையில் வாங்கியபோது அதன் மதிப்பு கடைக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. குழந்தைக்கு முகம் இல்லை. கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாமல் ஒரு வழவழப்பான உருண்டை மட்டும் இருந்தது.

அழுக்கண்ணன் லென்ஸை வைத்துப் பல நாள் ஆராய்ந்தார். பதக்கம் தேய்ந்தால் மேடான இடம்தான் முதலில் போகும். வீரரின் ஹெல்மெட்தான் மேடு, அதில் கோடுகள் நன்றாகவே தெரிந்தன. குழந்தையின் முகமோ இரண்டு கைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருந்தது. மேடு தேயாமல் பள்ளம் எப்படித் தேயும்? ஆகவே இது தேய்மானம் அல்ல, அடிக்கும்போதே அச்சு சரியாக விழவில்லை என்று முடிவுகட்டினார். முடிவு கட்டியதோடு விடாமல் அட்டையிலும் எழுதினார்: 'குழந்தையின் முகத்தில் அச்சுக் குறை.' அப்படி எழுதியதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட. இதையெல்லாம் வேறு யார் கவனிக்கப் போகிறார்கள்!

அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. பதக்கத்துக்கு உரியவரின் விவரமும் சேர்ந்துவிட்டால் நடுவர் வாயடைத்துப் போவார் என்று ஆசை வந்தது. ஒரு நாள் அரை லீவு போட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் எண்ணைச் சொன்னார். அங்கே இருந்தவர், "இவரா? ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாச்சே. இங்கதான் இருக்கார், சொல்லி அனுப்பறேன்" என்றார். உரியவர் உயிரோடு இருப்பார் என்று அழுக்கண்ணன் நினைத்தே பார்த்திருக்கவில்லை. பதக்கம் சேர்க்கிறவர்களுக்கு அது ஒரு வியாதி. விளிம்பில் பெயரோ எண்ணோ இருந்தால், அந்த ஆள் எப்போதோ செத்துப்போனார் என்று தாங்களாகவே வைத்துக்கொள்வார்கள்.

கண்காட்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். உயரமான கிழவர், நிமிர்ந்த முதுகு, தேய்த்த சட்டை. அழுக்கண்ணனின் மனைவி கதவைத் திறக்கப் போனபோது, வந்தவர் கைக்குட்டையால் வெளிக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. மங்கிப் போயிருந்துச்சு, கை தானா போயிடுச்சு."

"நல்லா துடைங்க ஐயா. இந்த வீட்ல எதையும் துடைக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சட்டமே போட்டிருக்கார்."

உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்து, அழுக்கண்ணன் இழுப்பறையோடு பதக்கத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நாலு கேள்வி கேட்டு அட்டையை நிரப்பிவிடலாம் என்று பேனாவையும் திறந்து வைத்திருந்தார். தீயணைப்புக்காரர் பதக்கத்தைப் பார்த்தார். எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, இது எந்த விபத்துக்குக் கொடுத்தாங்க?"

மனைவி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆடை கட்டியது.

"சார்," என்றார் கடைசியில், "இதை ரெண்டு நாள் நான் வச்சிருக்கலாமா? ஞாயித்துக்கிழமை காலையில நீங்க சொல்ற இடத்துல கொண்டாந்து குடுத்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமைதானே கண்காட்சி! இந்த அலமாரியை விட்டு ஒரு பொருள் வெளியே இரவு தங்கியதில்லை. முடியாது என்று சொல்ல அழுக்கண்ணன் வாயெடுத்தார். சமையலறை வாசலில் நின்ற மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்தினவருக்கு அந்தப் பார்வையின் பொருள் தெரியாதா?

"அதுக்கென்ன ஐயா, எடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை நூலக மாடியில கண்காட்சி, அங்க கொண்டாந்துடுங்க. ஆனா ஈரக் கையால தொடாதீங்க. ஓரத்தைப் பிடிச்சுத்தான் தூக்கணும். ரப்பர் பக்கத்துல வைக்காதீங்க, கறுத்துப்போயிடும். வெயில் படாம, தண்ணி படாம, கீழ விழாம..."

தீயணைப்புக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அழுக்கண்ணன் சொல்லியிருந்தார். தேய்க்காதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் "போகும்போது என் வீட்டைக் கொளுத்தாதீங்க" என்று யாராவது சொல்வார்களா? அதுபோல, அது அவர் நினைப்பிலேயே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்தின் மாடிக் கூடத்தில் மேஜைகள் வரிசையாகப் போட்டிருந்தன. அழுக்கண்ணன் கருநீல வெல்வெட்டை விரித்து, தன் பொருள்களை அடுக்கி, நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அதற்கடியில் அட்டை. பக்கத்து மேஜையில் தையல்காரம்மா பழைய பித்தான்களையும், தொழிலாளர்களுக்குக் கொடுத்த சாப்பாட்டு டோக்கன்களையும் பரப்பியிருந்தார். அழுக்கண்ணன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆக அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்தக் கிழவர் வராமலே போய்விட்டால் என்ன செய்வது?

வந்தார். சொன்ன சொல் தவறாமல் வந்தார். வெள்ளைக் கைக்குட்டையில் பொதிந்து சட்டைப் பையில் வைத்திருந்ததை எடுத்து, ஓரத்தைப் பிடித்து, ஈரம் இல்லாத கையால், வெல்வெட்டின் நடுவில் வைத்தார்.

பதக்கம் சூரியனாகத் தகதகத்தது.

காப்பிக்கொட்டை நிறம் போயே போய்விட்டது. புதிதாக வாங்கிய குழாய் மூடிபோல மஞ்சள் மஞ்சளாக, எதிர் மேஜையின் விளக்கு அதில் தெரிந்தது. இனி என்ன தலைகீழாக நின்றாலும் பல வருடம் போகாமல் அந்த நிறம் திரும்பாது. பதினோரு வருட ஆசையை ஒரு பாலிஷ் டப்பா முடித்துவிட்டது.

"எப்படி இருக்கு சார்?" என்றார் தீயணைப்புக்காரர். முகமெல்லாம் சிரிப்பு. "பத்து பேர் பார்க்கிற இடத்துல உங்க பேரு கெடக் கூடாது பாருங்க. ரெண்டு நாளா உட்கார்ந்து தேய்ச்சேன். எங்க ஸ்டேஷன்ல சனிக்கிழமை சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். பெல்ட்டு பக்கிள், தண்ணிக் குழாய் மூக்கு, மெடலு, எல்லாம் மின்னணும்."

அழுக்கண்ணன் வாயைத் திறந்தார். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, தோல், உரித்தல், குழந்தை, எல்லாம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "அச்சுக் குறை இப்ப இன்னும் நல்லாத் தெரியுது ஐயா" என்றார் ஈனசுரத்தில். "குழந்தைக்கு முகம் சரியா விழல பாருங்க."

"அது விழாம இல்ல சார்." தீயணைப்புக்காரர் குனிந்து பதக்கத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்லப் போய்விட்டிருந்தது. "குடுக்கும்போது முகம் நல்லாத்தான் இருந்துச்சு. மத்த இடமெல்லாம் துணியால தேய்ப்பேன். இதை மட்டும் கட்டை விரலால."

அழுக்கண்ணன் அவருடைய கட்டை விரலைப் பார்த்தார். அந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது.

"மேல் மாடியில ரெண்டு பிள்ளைங்க சார். அண்ணன் தங்கச்சி. ஒரே புகை. கைக்கு எட்டினது தங்கச்சி, தூக்கிட்டு ஓடியாந்துட்டேன். திரும்பி ஏறப் போறேன், படி இல்ல. இறங்கி வந்த படி, இல்ல." அவர் கைக்குட்டையை நாலாக மடித்தார். "அப்புறம் மேடையில கூப்பிட்டு இதைக் குத்தினாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. இதுல ஒரு பிள்ளைதானே இருக்கு? எல்லாருக்கும் இதே அச்சுதான். ஆனா எனக்கு இது அந்தப் பொண்ணு இல்ல சார். அந்தப் பையன். சனிக்கிழமை ஆனா அவனைத் தூக்கித் துடைச்சு விடற மாதிரி."

"அப்புறம் ஏன் ஐயா பழைய இரும்புக் கடையில..."

"ரிட்டயர் ஆன அன்னிக்கு, இனி யாரு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணப் போறாங்க, போதும்டா சாமின்னு யூனிஃபாரத்தோட சேர்த்துக் கட்டிப் பழைய சாமான் கடையில போட்டுட்டேன். அடுத்த சனிக்கிழமையே கை சும்மா இருக்க மாட்டேன்னுது. கடைக்கு ஓடினா, மூட்டை கை மாறிப் போயிடுச்சு. அன்னியிலிருந்து கதவுப் பிடி, குழாய், பக்கத்து வீட்டுக்காரங்க மணி, எது கிடைச்சாலும் தேய்ச்சிட்டிருக்கேன்."

அழுக்கண்ணன் பதக்கத்தைப் புரட்டினார். பின்பக்கம் அதே பழைய காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. 'வீரச் செயலுக்காக' என்ற எழுத்தைக் கிழவர் துணியாலும் தொட்டிருக்கவில்லை. அழுக்கண்ணன் அதை மறுபடி முன்பக்கம் தெரியத் திருப்பி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து நடுவர் வந்து சேர்ந்தார். சங்கத் தலைவர், தொழிலில் பல் டாக்டர். எதைக் கண்டாலும் சொத்தை இருக்கிறதா என்று பார்க்கிற கண். பின்னாலேயே நாலைந்து உறுப்பினர்கள். டாக்டர் மேஜையை ஒரு பார்வை பார்த்தார், நடுவில் வந்து நின்றார், கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டார்.

"என்ன இது? தேய்ச்சிருக்கே!"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அழுக்கண்ணன் மேஜையில் பளபளப்பா!

"நல்ல பொருளைப் பாழாக்கிட்டாங்களே. எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?"

தீயணைப்புக்காரரின் முகம் மாறியது. டாக்டரைப் பார்த்தார், பதக்கத்தைப் பார்த்தார், அழுக்கண்ணனைப் பார்த்தார். தப்பு நடந்திருக்கிறது, அது தன்னால்தான் என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைக்கத் தொடங்கியது. கை தானாகக் கைக்குட்டையைப் பிசைந்தது. அழுக்கண்ணன் பதக்கத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேறொன்றை நடுவில் வைத்துவிட்டால் இப்போதுகூட வெள்ளிப் பதக்கத்துக்கு வழி இருந்தது. உரியவரே தேய்த்துவிட்டார் என்று உள்ளதைச் சொன்னாலும் டாக்டர் கொஞ்சம் இரங்கியிருப்பார். இரண்டும் அழுக்கண்ணனுக்குத் தோன்றாமல் இல்லை.

"நான்தான்" என்றார் அழுக்கண்ணன்.

"என்னது?"

"நான்தான் தேய்ச்சேன்."

கூடத்தில் வெடித்த சிரிப்பு கீழே படிக்கிறவர்கள் வரைக்கும் கேட்டிருக்கும். தையல்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

"ஏண்ணே, எனக்கு வந்தா சட்டம், உங்களுக்கு வந்தா பாலிஷா? அன்னிக்கு என்னை அழ வச்சீங்களே!"

"தப்புதாம்மா. அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. தையல்காரம்மாவுக்கு மேலே கேலி செய்ய வரவில்லை. டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு, "சட்டம் போட்டவருக்கும் சட்டம்தான்" என்று சொல்லி அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். அழுக்கண்ணன் பேனாவை எடுத்தார். அட்டையில் 'அச்சுக் குறை' என்ற சொற்களை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கையால் தேய்ந்தது' என்று எழுதி, திரும்ப அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

அந்த வருட வெள்ளிப் பதக்கம் தையல்காரம்மாவின் பித்தான்களுக்குக் கிடைத்தது. அழுக்கண்ணன் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார். உள்ளுக்குள் வலித்தது, இல்லை என்று சொன்னால் பொய். மேடையில் அந்த அம்மா பதக்கத்தை வாங்கியதும் முந்தானையால் ஒரு துடை துடைத்ததைப் பார்த்தபோது, பழக்க தோஷத்தில் அவருக்குப் பல் கூசியது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் பதக்கத்தைத் தீயணைப்புக்காரரிடம் நீட்டினார்.

"உங்களுதுதான் ஐயா. வச்சுக்குங்க."

"வேணாம் சார். இன்னொரு நாள் போதும்டா சாமின்னு தோணினா, மறுபடியும் தூக்கிப் போட்டுடுவேன். என்னை நம்ப முடியாது. உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்." கிழவர் படியில் இரண்டு எட்டு இறங்கி நின்றார். "நான் தேய்ச்சது தப்புன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு சார். நீங்க ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்கன்னும் புரிஞ்சுது."

அழுக்கண்ணன் பதக்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சனிக்கிழமை நான் அரை நாள்தான் வேலைக்குப் போவேன்" என்றார். "சாயங்காலம் வீட்லதான் இருப்பேன். பாலிஷ் மட்டும் நீங்க கொண்டாந்துடுங்க. எங்க வீட்ல அது கிடையாது."

வீட்டில் மனைவி பரிசைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஆனால் இந்த முறை அழுக்கண்ணன் இரண்டு நாள் பேசாமல் இருக்கவில்லை. சாப்பிட உட்காரும் முன்பே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்துபோய்ச் சனிக்கிழமைக்கென்று ஒரு பழைய பருத்தித் துண்டைக் கிழித்து மடித்து வைத்தார்.

சனிக்கிழமை தீயணைப்புக்காரர் வந்தார். மனைவி மேஜையில் செய்தித்தாள் விரித்தார். அழுக்கண்ணன் இழுப்பறையைத் திறந்து பதக்கத்தை எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பாலிஷ் நெடி அறை முழுக்கப் பரவியது. கிழவர் துணியால் சுற்றிலும் தேய்த்தார், வீரரின் ஹெல்மெட்டைத் தேய்த்தார், கைகளைத் தேய்த்தார். பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டை விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு வெண்கலம் போய்க்கொண்டிருக்கும். லென்ஸ் தேய்க்கிறவருக்கு அது தெரியாததல்ல.

"அந்தப் பையன் பேரு என்னங்கய்யா?" என்று அழுக்கண்ணன் கேட்டார்.

விரல் நின்றது. அந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை போலிருக்கிறது. கிழவர் பெயரைச் சொன்னார், அவனுக்கு அப்போது என்ன வயது என்பதையும் சொன்னார்.

அழுக்கண்ணன் அதை எந்த அட்டையிலும் எழுதிக்கொள்ளவில்லை.